சர்க்கரை கற்பித்த பாடமா?

ஓர் உயிரணுவுக்கு அதன் உணவு பாடம் கற்பிக்கிறதா? அல்லது உணவு வந்து சேருமுன்னரே அதனை உண்ணும் வித்தையை உயிரணு அறிந்து வைத்திருக்கிறதா? கேட்பதற்கு எளிய வினாவாகவே தோன்றும். ஆயினும் இதற்கு ஐயமற விடை காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. இடையில் இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. இதனை ஒட்டிய வேறொரு வினாவுக்கு ஒரு பெரிய நாட்டில் தவறான விடையே அரசின் கொள்கையாக வெளியாயிற்று. மெய்யான விடையைக் கண்டவரோ, அதற்கு முன் தாம் பல்லாண்டு போற்றி வளர்த்த கருத்தைத் தம் கையாலேயே விலக்க நேர்ந்தது. அவ்வரலாற்றை நாம் சிறிது விரிவாகவே காண்போம்.

1900ஆம் ஆண்டில் பிரெடெரிக் தியெனேர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஈஸ்ட் என்னும் நொதிக்காளானைக் காலக்டோஸ் என்ற சர்க்கரையில் இட்டால், முதலில் அது வாளாவிருக்கிறது. சிறிது காலம் கழித்தே அச்சர்க்கரையைப் புளிக்கச் செய்கிறது. மீண்டும் குளுக்கோசில் வளர்த்தால் அந்தத் திறமை மறைந்துவிடுகிறது. பழக்கத்தால் வந்தது, பழக்கம் விட்டதும் போயிற்று என்றே அக்காலத்தார் கருதினர். பின்னர் வந்தோர் இதற்கு நொதித் தகவமைப்பு என்று பெயரிட்டனர். பெயர் வைத்தார்களேயன்றி விளக்கம் எவரும் தரவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரைப் பிடித்திருந்த காலம். சார்போன் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வகத்தில் ழாக் மோனோ என்பவர் டாக்டர் பட்டத்துக்காக நுண்ணுயிர்களின் வளர்ச்சியை அளந்து கொண்டிருந்தார். 1910இல் பிறந்தவர், செல்லோ என்னும் இசைக்கருவி வாசிப்பவர், இசையையே வாழ்க்கையாகக் கொள்ளலாமோ என்று ஒரு காலத்தில் ஊசலாடியவர். அவர் செய்த சோதனை மிக எளியது. இருவகைச் சர்க்கரைகளைக் கலந்த நீரில் பாக்டீரியாவை இட்டு, நீர் எவ்வளவு கலங்குகிறது என்பதை நேரத்துக்கு நேரம் குறித்து வந்தார். சில சர்க்கரை இணைகளில் வளர்ச்சிக் கோடு ஒரே சீராக ஏறிற்று. வேறு சில இணைகளில், எடுத்துக்காட்டாகக் குளுக்கோசும் பாற்சர்க்கரையும் கலந்திருக்கையில், கோடு ஏறிற்று, பின்பு படுத்தது, மீண்டும் ஏறிற்று. பாக்டீரியா முதலில் குளுக்கோசை முற்றும் உண்டு தீர்க்கிறது. பிறகு சற்று நேரம் திகைத்து நிற்கிறது. அதன் பின்னரே பாற்சர்க்கரையைத் தொடுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை தீரும்வரை கோதுமை மாவின் பக்கம் திரும்பாத குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வகையினதே இப்பாக்டீரியாவும். இவ்விரட்டை வளர்ச்சிக்கு மோனோ கிரேக்கச் சொல்லொன்றால் 'டயாக்சி' என்று பெயரிட்டார்.

1940 டிசம்பரில் அவர் இந்தக் கோட்டைப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஆந்திரே லுவாஃபிடம் காட்டி, இதற்குப் பொருள் யாது என வினவினார். இது நொதித் தகவமைப்போடு தொடர்புடையதாகலாம் என்றார் லுவாஃப். அச்சொல்லையே மோனோ அதுவரை கேள்விப்பட்டதில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்றபோது இதனை அவரே ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார்.

1941இல் பட்டம் கிடைத்தது. ஆனால் ஆராய்ச்சியில் மட்டும் மனம் செலுத்தும் காலமாக அது இல்லை. மோனோ விடுதலை இயக்கத்தின் மறைமுகப் படையிற் சேர்ந்தார். அவருடைய ஆய்வகத்துக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. இயக்கத்தின் இரகசியத் தாள்களை அதன் கால் எலும்புகளின் பொள்ளலுக்குள் அவர் ஒளித்து வைத்தார் என்பர். இச்செய்தி படிப்பதற்குச் சுவையாக இருக்கலாம்; ஆனால் அந்நாளிற் பிடிபட்டோர் கதி யாதாயிற்று என்பதற்கு வேறெங்கும் போகவேண்டா, பாஸ்டர் நிலையத்திலேயே சான்று உண்டு. அங்கே யூஜேன் வோல்மான், எலிசபெத் வோல்மான் என்னும் கணவனும் மனைவியும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளைப் பல்லாண்டு ஆராய்ந்து வந்தனர். யூதர்களாகிய அவ்விருவரும் 1943இல் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர், திரும்பவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தவர்களுள் அவர்களுடைய மகன் எலி வோல்மானும் ஒருவர். அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

நம் கதைக்குரிய மூன்றாமவர் பிரான்சுவா ஜாக்கோப். 1920இற் பிறந்த அவர் மருத்துவ மாணவராக இருந்தார். 1940இல் பிரான்சு வீழ்ந்ததும் கப்பலேறி இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் படுகாயமுற்றார். அறுவை மருத்துவராகும் எண்ணம் அத்துடன் முடிந்தது. என் செய்வதென்று தெரியாமற் சில ஆண்டுகள் அலைந்தவர், லுவாஃபிடம் மீண்டும் மீண்டும் இடம் கேட்டார். மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டார். 1950 ஜூனில் ஒருநாள் லுவாஃப் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தார். பாக்டீரியாவின் உள்ளே உறங்கிக் கிடக்கும் வைரசை எழுப்பும் வழி அப்பொழுதுதான் அவருக்குக் கிட்டியிருந்தது. அதில் வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார். அதுவே என் விருப்பம் என்றார் ஜாக்கோப். லுவாஃப் கூறியதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை என்பது வேறு செய்தி!

பாஸ்டர் நிலையத்தின் மேல்மாடியில், கூரைக்கு அடியில், ஒரு நீண்ட நடைவழி. அதன் ஒரு கோடியில் லுவாஃபும் ஜாக்கோபும் உறங்கும் வைரசுகளோடு இருந்தனர். மறு கோடியில், 1945இல் அங்கு வந்து சேர்ந்த மோனோ, பாற்சர்க்கரையோடு இருந்தார். இரண்டும் வெவ்வேறு துறைகள் என்றே இரு கோடியினரும் எண்ணியிருந்தனர்.

இதற்கிடையே, நொதித் தகவமைப்பு என்னும் சொல் ஆய்வகத்துக்கு வெளியே ஒரு வேண்டாத கனத்தை அடைந்திருந்தது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் சூழ்நிலையே பயிரின் மரபை மாற்றும், அம்மாற்றம் வழிவழியாக இறங்கும் என்று போதித்து வந்தார். மரபியல் அறிஞர் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரதோவ் சிறையில் மாண்டார். 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கொள்கைக்குக் கட்சியின் முத்திரையே கிடைத்துவிட்டது. மரபியல் அந்நாட்டில் நாடு கடத்தப்பட்டது போலாயிற்று. மறைமுகப் போர்க்காலத்தில் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து, போருக்குப் பின் விலகியிருந்த மோனோ, அவ்வாண்டு செப்டம்பரில் 'கோம்பா' என்னும் நாளிதழில் லைசென்கோவைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனால் அவர் கையிலிருந்த பாக்டீரியா என்ன சொல்லிற்று? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அதுவும் சூழ்நிலைக்கேற்ப மாறுவதாகவே தோன்றிற்று. பாற்சர்க்கரை இருந்தால் அதனை உடைக்கும் நொதி தோன்றுகிறது, இல்லையேல் மறைகிறது. சர்க்கரைதான் அந்நொதிக்கு உருவம் கொடுக்கிறது, குயவன் மண்ணை வனைவது போல வனைகிறது என்று கருதிய அறிஞர்கள் மேற்கு நாடுகளிலும் இருந்தனர். ஆகவே மோனோவுக்கு இது வெறும் சர்க்கரை ஆராய்ச்சியாக இருக்கவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட உயிர், நம் குடலில் வாழும் எஷெரிக்கியா கோலி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. நல்லுணவு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பாற்சர்க்கரையை உடைக்கும் அதன் நொதிக்குப் பீட்டா-காலக்டோசிடேஸ் என்று பெயர். இந்நொதி உள்ளதா என்று அறிய ஓர் அருமையான வழி 1950 அளவிற் கிடைத்தது. நிறமற்ற ஒரு செயற்கைப் பொருளை இட்டால், நொதி அதனை உடைத்தவுடன் குழாயிலுள்ள நீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, நொதியும் அவ்வளவு. சர்க்கரை இல்லாத பாக்டீரியாவில் அந்நொதியின் மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே பெருகத் தொடங்கி ஆயிரம் மடங்காகின்றன.

சர்க்கரைதான் நொதியை வனைகிறது என்னும் கருத்து மூன்று அடிகளில் வீழ்ந்தது. பாற்சர்க்கரையைப் போன்ற தோற்றமுடைய சில செயற்கைப் பொருள்கள் நொதியைப் பெருகச் செய்தன. ஆனால் அந்நொதியால் அவற்றை உடைக்க முடியவில்லை. வேறு சில பொருள்களை நொதி எளிதில் உடைத்தது. அவையோ நொதியைத் தூண்டவேயில்லை. அச்சுக்கும் வார்ப்புக்கும் உறவே இல்லையென்றால் அது என்ன அச்சு? அடுத்து, 1955இல் கதிரியக்கக் கந்தகத்தைக் கொண்டு செய்த சோதனை, முன்பே இருந்த ஏதோ ஒரு புரதம் நொதியாக மாற்றப்படவில்லை, நொதி முற்றும் புதிதாகவே கட்டப்படுகிறது என்று காட்டிற்று. எல்லாவற்றினும் வலிய சான்று, மரபுப் பிறழ்வினால் தோன்றிய சில பாக்டீரியாக்கள். அவை சர்க்கரையைக் காணாமலேயே ஓயாது நொதியைச் செய்து குவித்தன. அந்நொதிக்கும், சர்க்கரை கண்டு தோன்றும் நொதிக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. எனவே நொதியை எப்படிச் செய்வது என்பது மரபணுவில் எப்பொழுதும் எழுதப்பட்டே இருக்கிறது. சர்க்கரை கற்பிக்கவில்லை.

ஆனால் சர்க்கரை ஏதோ செய்கிறதல்லவா? இங்கேதான் மோனோ வழுக்கினார். சர்க்கரை ஒரு தூண்டி. பிறழ்ந்த பாக்டீரியா அத்தகைய தூண்டி ஒன்றைத் தன்னுள்ளேயே செய்துகொள்கிறது போலும். ஆகவேதான் அதற்கு வெளிச் சர்க்கரை வேண்டியிருக்கவில்லை என்று அவர் கருதினார். நல்ல கருத்துத்தான். ஒழுங்காகவும் அழகாகவும் இருந்தது. எல்லா நொதிகளுக்கும் இதனை விரிக்கலாம் என்றுகூட அவர் எண்ணினார்.

இதனைச் சோதிக்கும் கருவி நடைவழியின் மறுகோடியில் இருந்தது. பாக்டீரியாக்களிலும் ஆண், பெண் போன்ற பிரிவுண்டு. ஆண் தன் மரபிழையைப் பெண்ணுக்குள் மெல்ல மெல்லச் செலுத்தும். முழு இழையும் செல்ல ஏறத்தாழ நூறு நிமிடம் ஆகும். எலி வோல்மானும் ஜாக்கோபும் அக்கூடலை நடுவே சமையலறைக் கலக்கி ஒன்றினாற் பிரித்து, எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்திற் புகுகிறது என்று அளந்து வைத்திருந்தனர். 1957இல் கலிபோர்னியாவிலிருந்து ஓராண்டுக்கு வந்திருந்த ஆர்தர் பார்டீ இம்முறையை மோனோவின் வினாவுக்குப் பயன்படுத்தினார். பெண் பாக்டீரியாவில் நொதி செய்யும் மரபணு பழுதுற்றது. கட்டுப்படுத்தும் மரபணுவும் பழுதுற்றது. ஆணில் இரண்டும் நல்லவை. சர்க்கரை இல்லை. ஆணின் மரபணுக்கள் பெண்ணுக்குள் புகுந்தால் யாது நிகழும்?

புகுந்த சில நிமிடங்களிலேயே நொதி பெருகத் தொடங்கிற்று. மோனோவின் கருத்துப்படி, பெண்ணுக்குள்ளே தூண்டி நிறைந்திருக்கிறது. ஆகவே நொதி தொடர்ந்து பெருகவேண்டும். அது தொடரவில்லை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. பிறகு தூண்டியை வெளியிலிருந்து சேர்த்தால் மீண்டும் தொடங்கிற்று. இதன் பொருள் ஒன்றே. ஆணிடமிருந்து வந்த நல்ல கட்டுப்பாட்டு மரபணு, நொதி செய்வதை நிறுத்தும் ஏதோ ஒரு பொருளை மெல்லச் செய்து சேர்க்கிறது. அதனை அடக்கி என்போம். பிறழ்ந்த பாக்டீரியா ஓயாமல் நொதி செய்வது, அதனிடம் தூண்டி இருப்பதனால் அன்று, அடக்கி இல்லாததனால். சர்க்கரை கட்டளை இடவில்லை. கதவிலிட்ட தாழை நீக்குகிறது, அவ்வளவே.

அணுவின் தொடர்வினையை முதலிற் கருதியவரும் பின்னர் உயிரியலுக்குத் திரும்பியவருமான லியோ ஸிலார்ட், தூண்டுவதென்பது அடக்குவதை நீக்குவதாகவே இருக்கலாம் என்று அந்நாளில் பாரிசுக்கு வந்து வாதிட்டிருந்தார். மோனோ தம் கருத்தைக் கைவிட்டதோடு, ஸிலார்டின் வாதம் தமக்கு உதவியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பல்லாண்டு உழைப்பைத் தாமே தவறென்று எழுதுவது எவருக்கும் எளிதன்று. லைசென்கோவுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு கொள்கையில் மட்டும் இல்லை என்பது நம் கருத்து.

1958 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஆற்றவேண்டிய ஒரு சொற்பொழிவு ஜாக்கோபுக்குப் பிடிபடாமல் இருந்தது. மனைவியுடன் படம் பார்க்கச் சென்றவர் இருளில் கண்மூடி அமர்ந்திருக்கையில் திடீரென ஓர் ஒப்புமையைக் கண்டார். வைரஸ் பாக்டீரியாவுக்குள் உறங்குவதும், நொதியின் மரபணு உறங்குவதும் ஒன்றே. இரண்டிலும் அடக்கி ஒன்று மரபிழையின் மீதே அமர்ந்து, ஒரே இடத்தில், ஒரு கூட்டம் மரபணுக்களை ஒருசேரப் பூட்டுகிறது. விடுமுறையிலிருந்து திரும்பிய மோனோ முதலில் இதனை ஏற்கவில்லை. வெறுமனே திறப்பதும் மூடுவதுமான பொறியிலிருந்து, குறைந்தும் கூடியும் வரும் நொதியளவு எவ்வாறு கிடைக்கும் என்பது ஒரு தடை. ஜாக்கோபின் மகன் மின்சார ரயில் பொம்மையை ஓட்டுகையில் அதற்கும் விடை கிட்டிற்று. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அப்பொம்மையிற் கருவியில்லை. சிறுவன் விசையை அடிக்கடி போட்டும் நிறுத்தியும் தான் வேண்டிய வேகத்தைப் பெற்றுக்கொண்டான்!

1960இல் இதற்கு ஓபரான் என்று பெயர் சூட்டினர். 1961இல் ஜாக்கோபும் மோனோவும் முழு விளக்கத்தை வெளியிட்டனர். பாற்சர்க்கரைக்குரிய மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று சர்க்கரையை உடைக்கும் நொதிக்கு. ஒன்று சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கு. மூன்றாவதின் பயன் சிறிது. அவற்றின் வாயிலில் சிறியதோர் இடம். அடக்கி அங்கே அமர்ந்தால் மூன்றும் மூடும், விலகினால் மூன்றும் திறக்கும். திறந்தபோது அவற்றின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்கு எடுத்துச் செல்ல, நெடுநாள் வாழாத ஒரு தூது அமிலம் உண்டென்றும் கூறினர்; அதுவும் 1961இலேயே சோதனையால் மெய்யாயிற்று. 1965இல் லுவாஃப், மோனோ, ஜாக்கோப் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. லைசென்கோ தம் மரபியல் நிலையத்தின் தலைமையை இழந்ததும் அதே 1965இல்தான்.

பரிசு வந்தபோது அடக்கியை எவரும் கண்ணாற் கண்டதில்லை. அது ஒருவகை ரிபோ அமிலம் என்றே இருவரும் எழுதியிருந்தனர், அது பிழை. 1966இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்துப் புரதம் என்று காட்டினர். ஒரு பாக்டீரியாவில் ஏறத்தாழப் பத்தே மூலக்கூறுகள். அகப்படாமல் இருந்ததில் வியப்பில்லை. வைரசின் அடக்கியையும் அக்காலத்திலேயே மார்க் டாஷ்னே பிரித்தெடுத்தார். தாழை நீக்குவது பாற்சர்க்கரையே அன்று, அதிலிருந்து உயிரணுவுக்குள் தோன்றும் அல்லோலாக்டோஸ் என்னும் உறவுப் பொருள் என்பது 1972இல் தெளிவாயிற்று. அது அடக்கியின் ஓரிடத்திற் பொருந்த, அடக்கியின் வடிவம் மாறி, மரபிழையின் மீதுள்ள பிடி தளர்கிறது.

பாரிஸ் அறிஞர்கள் மற்றொன்றிலும் மிகைபடச் சென்றார்கள் எனலாம். எல்லாக் கட்டுப்பாடும் அடக்குவதே என்று அவர்களைப் பின்பற்றியோர் நம்பினர். அராபினோஸ் என்னும் சர்க்கரையை ஆராய்ந்த எல்லிஸ் எங்கிள்ஸ்பர்க், அங்கே ஒரு புரதம் மரபணுவை ஊக்கியே இயக்குகிறது என்று 1965இல் சொன்னபோது பலர் காது கொடுக்கவில்லை. அவர் சொன்னதே சரியாயிற்று. பாற்சர்க்கரை ஓபரானிலேயே அத்தகைய ஊக்கி ஒன்று இருந்தது! வாயிலைத் திறப்பது மட்டும் போதாது. உள்ளே செல்வோரைக் கைபிடித்து அழைக்க ஒருவர் வேண்டும். அவ்வூக்கிப் புரதம் வேலை செய்யச் சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு பொருள் தேவை. குளுக்கோஸ் நிறைந்திருக்கையில் அப்பொருள் குறைந்துவிடுகிறது. இதனை 1968இல் காட்டியோருள் மோனோவும், 1960இல் ஹங்கேரியிலிருந்து ஓர் ஊர்தியின் மறைவிடத்தில் ஒளிந்து அவருடைய ஏற்பாட்டினால் தப்பிவந்த அக்னேஸ் உல்மானும் அடங்குவர். அதனினும் முதன்மையாக, குளுக்கோஸ் உள்ளே புகும்போதே பாற்சர்க்கரையின் நுழைவாயிலை அது அடைத்துவிடுகிறது. 1940இல் கோடு படுத்து நின்ற இடத்துக்கு இவ்விரண்டுமே காரணம்.

காலக்டோஸ் ஓபரானில் அடக்கி ஒரே இடத்தில் அன்றி இரண்டு இடங்களில் அமர்வதை, இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த சங்கர் ஆத்யாவும் அவர் குழுவினரும் 1983இல் கண்டனர். ஓரிடம் மரபணுவின் உள்ளேயே இருந்தது. அவ்விரண்டும் சேர, இடையிலுள்ள மரபிழை வளைந்து கண்ணி போலாகிறது. பாற்சர்க்கரை ஓபரானிலும் அத்தகைய கண்ணி உண்டென்று பின்னர் அறியப்பட்டது.

இ. கோலிக்கு உண்மையானது யானைக்கும் உண்மை என்பது மோனோ விரும்பிச் சொல்லிவந்த வாசகம். அடக்கியும் ஊக்கியும் யானையிலும் உண்டு என்ற அளவில் அது சரி. ஆனால் யானையின் மரபிழை புரதங்களின் மீது இறுகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது; அதன் மரபணுக்கள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கின்றன; கட்டுப்படுத்தும் இடங்களோ மரபணுவிலிருந்து மிகத் தொலைவில் கிடப்பதும் உண்டு. பாக்டீரியாவிடமிருந்து யானை நெடுந்தூரம் வந்துவிட்டது.

மோனோ 1976 மே மாதத்தில் கான் நகரிற் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில், மனிதரின் சிறு ஹார்மோன் ஒன்றுக்குரிய மரபணுவை வேதியியல் முறையிற் செய்து, இப்பாற்சர்க்கரை மரபணுவோடு ஒட்டி, இ. கோலிக்குள் இட்டனர். பாக்டீரியா அதனைச் செய்தது. 1978இல் அதே வழியில் இன்சுலின் செய்யப்பட்டது. 1982இல் அது மருந்துக்கடைக்கு வந்தது. அதுவரை மாட்டின் கணையத்தையும் பன்றியின் கணையத்தையும் நம்பியிருந்த நீரிழிவு நோயாளருக்கு மனித இன்சுலின் கிடைத்தது. 2013 வரை வாழ்ந்த ஜாக்கோப் இதனையெல்லாம் கண்டார்.